டெல்மர் மாமா அம்மாவை வேலையிலிருந்து நீக்கினார்

என் மாமா டெல்மரிடம் என் அம்மா வேலை பார்த்தாள். சம்பளத் தாளில் கையெழுத்துப் போடுகிறவர் மாமா. அவருக்குப் பிறவியிலேயே டவுன் சிண்ட்ரோம், எதற்கும் கொஞ்சம் கூடுதல் நேரம் பிடிக்கும். அவரைப் போன்றவர்களின் உதவிக்கு அரசு ஒதுக்கும் பணத்தை முன்பு நிறுவனங்கள் வாங்கிக்கொண்டு, தங்கள் இஷ்டத்துக்கு ஆள் அனுப்பும். இப்போது அந்தப் பணத்தில் அவர்களே வேண்டிய ஆளை வைத்துக்கொள்ளலாம், பிடிக்காவிட்டால் நிறுத்தலாம். சொந்தக்காரர்களையும் வைக்கலாம். அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில் எங்கள் ஊரில், அவர்களில் பாதிப் பேர் அக்காவையோ சித்தியையோதான் வைத்திருக்கிறார்கள்.

பாட்டி இறந்த வருஷம், என் அம்மா ராக்ஸேன் முதியோர் இல்லத்துச் சமையலறை வேலையை விட்டுவிட்டு மாமாவின் ஆளாக ஆனாள். மாமா பாலத்துக்குப் பக்கத்தில், இரும்புக் கடை மாடியில் தனியாக இருந்தார். காலையில் சூப்பர் மார்க்கெட்டில் தள்ளுவண்டிகளைச் சேர்த்து வைப்பார். மற்ற நேரமெல்லாம் அம்மா கூட இருந்தாள். சூப்பை ஆற்றிக் கொடுத்தாள், மருந்தை எடுத்து வைத்தாள், யார் எதைக் கேட்டாலும் மாமாவுக்கு முன்னால் பதில் சொன்னாள். மாமா அதற்காக ஒரு நாளும் முகம் சுளித்ததில்லை. யாரையும் நோகடிக்கத் தெரியாத மனிதர். ஒருமுறை தெரியாமல் நாயின் வாலை மிதித்துவிட்டு, தன் தட்டிலிருந்த சாசேஜ் முழுவதையும் அதற்குப் போட்டார்.

போன பனிக்காலத்தில், பந்தை உருட்டிக் கட்டைகளைச் சாய்க்கும் பௌலிங் குழு ஒன்றில் அவருக்கு இடம் கிடைத்தது. புதன்கிழமை தோறும் ஆட்டம். முதல் வாரம் அம்மா குனிந்து அவருடைய ஷூ லேஸைக் கட்டினாள். மாமாவுக்கே கட்டத் தெரியும். கொஞ்சம் நேரம் பிடிக்கும், அவ்வளவுதான். மற்றவர்கள் காத்திருக்கக் கூடாதே என்று அம்மாவுக்கு அவசரம்.

குழுவிலிருந்த ஆர்லோ லாரி ஓட்டுகிறவன், வாய் ஓயாதவன். "என்னப்பா டெல்மர், மேனேஜரைக் கூட்டிட்டு வந்துட்டியா?" என்றான்.

"அவ மேனேஜர் இல்ல. நான்தான் அவளுக்கு முதலாளி."

"முதலாளிக்கு லேஸ் கட்டி விடுற ஆளா! எனக்கும் ஒண்ணு பாத்துக் குடு, ராசா."

எல்லோரும் சிரித்தார்கள். அம்மாவும் சிரித்தாள். மாமா மட்டும் தன் கால்களையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அன்றிலிருந்து அவர் போக்கு மாறியது. அம்மா வீட்டுக்குக் கிளம்புவதற்குள் தெருவில் இறங்கி நின்று, அவள் காரின் கண்ணாடியில் படிந்த பனியைச் சுரண்டினார். அவளுக்குப் பிடித்த சீஸ் வாங்கி வைத்தார். காரணமே இல்லாமல், "ஸாரி, ராக்ஸி" என்றார். அம்மா பயந்துபோய் டாக்டரிடம் கூட்டிப்போனாள். டாக்டர் வயிற்றை அமுக்கிப் பார்த்துவிட்டு, ஒன்றுமில்லை என்று அனுப்பினார்.

என்னவென்று எனக்கு மட்டும் சொன்னார். "ராக்ஸி எனக்காக வேலைய விட்டா. நான் அவள வேணாம்னு சொன்னா, நான் கெட்டவன்தானே?"

அந்தச் சம்பளத்தில்தான் எங்கள் வீட்டு வாடகை போகிறது என்ற நினைப்புதான் எனக்கு முதலில் வந்தது. அது அவருக்கும் தெரிந்திருந்தது.

வருஷத்துக்கு ஒருமுறை மாமா வீட்டில் திட்டக் கூட்டம் நடக்கும். அடுத்த வருஷம் எப்படி வாழ விரும்புகிறார், அதற்கு யார் வேண்டும் என்று அவரே சொல்ல வேண்டும். மேசையைச் சுற்றி யார் யார் உட்காரலாம் என்பதும் அவர் முடிவுதான். இந்த முறை மாமா கூப்பிட்டது என்னையும் ஆர்லோவையும். அம்மாவைக் கூப்பிடவில்லை. தன்னைக் கூப்பிட வேண்டும் என்பதே அம்மாவுக்குத் தோன்றவில்லை. வழக்கம்போல் கேக் சுட்டு எடுத்துக்கொண்டு வந்து, மாமாவுக்குப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள்.

உதவித் திட்டத்தின் ஆலோசகர் ஜோலீன் வந்ததும் வழக்கமான முதல் கேள்வியைக் கேட்டார். "டெல்மர், நீங்க கூப்பிட்டவங்க எல்லாம் இருக்காங்களா?"

"இருக்கோம், இருக்கோம்" என்றாள் அம்மா, கேக்கை வெட்டிக்கொண்டே.

"டெல்மர் சொல்லட்டுமே."

மாமாவின் காது சிவந்தது. மேசை விரிப்பின் ஓரத்தைச் சுருட்டினார், விரித்தார். "ஒருத்தர் அதிகமா இருக்காங்க" என்றார்.

அம்மா ஆர்லோவைப் பார்த்தாள். ஆர்லோ ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான்.

"ராக்ஸி, நீ கீழ கார்ல இரு. நான் வந்து சொல்றேன்."

அம்மா கத்தியைத் தட்டில் வைத்தாள். கோட்டைக்கூட எடுக்காமல் படியிறங்கிப் போனாள். மாமா எழுந்தார், உட்கார்ந்தார். பிறகு அழுதார். "தள்ளி வச்சுக்கலாமா?" என்று கேட்டார் ஜோலீன். மாமா தலையை ஆட்டி மறுத்தார். அழுதுகொண்டே ஒவ்வொன்றாகச் சொன்னார். வெளியாள் ஒருத்தர் வேண்டும். கேட்டதற்குத் தன்னையே பதில் சொல்ல விட வேண்டும். புதன்கிழமை ஆள் வேண்டாம், ஆர்லோவின் லாரியிலேயே போய்விட்டு வருவார்.

கூட்டம் முடிந்ததும் அம்மாவின் கோட்டை எடுத்துக்கொண்டு கீழே போனார். நானும் பின்னால் போனேன். அம்மா ஹீட்டரைக்கூடப் போடாமல் காரில் உட்கார்ந்திருந்தாள்.

"உன்னை நிறுத்திட்டேன், ராக்ஸி."

"நான் என்னடா தப்பு பண்ணேன்?"

"தப்பு இல்ல. நீ எல்லாத்தையும் செஞ்சுடற. எனக்கு மிச்சமே இல்ல."

அம்மா கோட்டை வாங்கி மடியில் வைத்துக்கொண்டாள். "அடுத்து யாரை வைக்கப் போற?"

"தெரியல. விளம்பரம் போடணும்."

"பொறுமையான ஆளாப் பாரு" என்றாள்.

அம்மா பழைய சமையலறைக்கே திரும்பினாள். பழைய இடம் இல்லை, கடைசியாகச் சேர்ந்தவளுக்குக் கிடைக்கும் மாலை ஷிப்ட். வீட்டுக்கு வந்ததும் காலைத் தூக்கிச் சோபாவில் வைத்துவிடுவாள். மாமாவிடம் இப்போது வேலை பார்ப்பவர் பெர்னெல் என்ற ஓய்வுபெற்ற தபால்காரர். பாதி நேரம் சும்மா உட்கார்ந்திருக்கிறார் என்று அம்மாவுக்கு அவர்மேல் ஆத்திரம். மாமாவுக்கு அதனால்தான் அவரைப் பிடிக்கிறது.

ஆனாலும் மாமா தினமும் போன் செய்தார். "கால் வலிக்குதா?" என்பார். "இல்ல" என்பாள் அம்மா. ஒரு ஞாயிற்றுக்கிழமை, "திரும்பி வந்துடறியா, ராக்ஸி?" என்று கேட்டுவிட்டார். போன் ஸ்பீக்கரில் இருந்தது. வரேன் என்று சொல்லிவிடு என்று நான் மனதுக்குள் கெஞ்சினேன்.

அம்மா போனைக் கையில் எடுத்தாள். "நான் வேணும்னு கேக்கறியா, பாவமா இருக்குன்னு கேக்கறியா?"

அந்தப் பக்கம் வெகுநேரம் மூச்சுச் சத்தம் மட்டும் கேட்டது. அம்மா காத்திருந்தாள். குறுக்கே ஒரு வார்த்தை பேசவில்லை.

"பாவமா இருக்கு."

"அப்ப வரல."

"சரி" என்றார் மாமா. கொஞ்சம் கழித்து, "ஆனா பாவமாத்தான் இருக்கு, ராக்ஸி."

"எனக்கும்தான்டா" என்றாள் அம்மா.