பயணத்துக்கு முன் ஒரு மௌனம்

வன்னியில் சண்டை முடிந்துகொண்டிருந்த அந்த மே மாதம், எங்கள் வீட்டில் டெலிபோன் அடித்தால் எல்லோரும் செத்துப் பிழைப்போம். அம்மாவின் ஒரே தம்பி, என் மாமா, அதற்குள் அகப்பட்டிருந்தார். நாங்கள் ஊரைவிட்டு வந்து குடியேறியிருந்த ஒடென்சே நகரில் எந்தத் தமிழ் வீட்டுக்குச் சாவுச் செய்தி வந்தாலும் அம்மா என்னையும் கூட்டிக்கொண்டு போவார். அங்கே பெரியவர்கள் கதிரைகளில் அமர்ந்து வாய் திறக்காமல் இருப்பார்கள். அந்த மௌனத்துக்கு நான் பேயைவிடப் பயந்தேன்.

எங்கள் மாடியறையில் ஓர் அமெரிக்க அக்கா வாடகைக்கு இருந்தார். கல்லூரிப் படிப்பை முடித்த கையோடு அவருக்கு ரஷ்யப் பைத்தியம் பிடித்திருந்தது. சுவர் முழுக்க ரஷ்ய ஓவியங்கள், தேநீரோடு ஜாம், மூலையில் மரப்பலகையில் தீட்டிய மாதா படம். "அமெரிக்காவும் ரஷ்யாவும் கீரியும் பாம்பும். இந்தப் பிள்ளை ஆரின்ர பக்கம்?" என்று அப்பா பகிடி விடுவார். அம்மாவோ அந்த மாதாவுக்கும் ஊதுபத்தி காட்டி, தம்பியைக் காப்பாற்றச் சொல்லி மன்றாடுவார்.

ஒருநாள் பள்ளிக்கூடத்தால் வந்து கதவைத் திறந்தேன். அப்பா, அம்மா, அக்கா மூவரும் கதிரைகளில் அசையாமல் இருந்தார்கள். ஒருவரும் என்னைப் பார்க்கவில்லை.

"மாமா செத்திட்டாரோ?" என்று கத்தினேன்.

"வாயைக் கழுவு!" என்றார் அம்மா. "அக்கா ரஷ்யாவுக்கு வெளிக்கிடுறா. பயணத்துக்கு முன்னம் எல்லாரும் கொஞ்சநேரம் கதைக்காமல் இருக்கவேணுமாம். அது அங்கத்தைய வழக்கமாம். நீயும் வந்து இரு."

போன உயிர் திரும்பி வந்தது. நானும் இருந்தேன், சிரிப்பை அடக்குவதே பெரும்பாடாகிவிட்டது. பிறகு அக்கா எழுந்து, அம்மா பழக்கிவிட்டபடி, "போறன்" என்னாமல் "போட்டு வாறன்" என்றார். அம்மா அவரைக் கட்டிப்பிடித்து, சிரித்த முகத்தோடு வழியனுப்பினார்.

கதவு சாத்தியதும் அம்மா நிலத்தில் விழுந்து, தலையில் அடித்துக்கொண்டு அழுதார். அப்பா சுவர்ப்பக்கம் திரும்பி நின்றார். பயணம் புறப்படுகிறவர் காதில் சாவுச் செய்தி விழக்கூடாது என்பது எங்கள் வழக்கம். மாமாவின் செய்தி அன்று காலையிலேயே வந்துவிட்டது. அதெல்லாம் எனக்கு அப்போது எங்கே தெரியும்? மாடியில் குடியிருந்தவருக்காக இவ்வளவு அழுகையா என்று வியந்துகொண்டே அம்மாவின் முதுகைத் தடவினேன்.

"அழாதேங்கோ அம்மா," என்றேன். "திரும்பி வருவா."