கீழ் வரியில் கிடந்த ஜூ டவுன்

மசாலா ஏற்றுமதி செய்யும் எங்கள் கம்பெனியில் ‘சிஸ்டம்’ ஆள் நான்தான். பட்டம் பெரிது, பாதி வேலை, பிரிண்டரில் சிக்கிய காகிதத்தை இழுப்பது.

அன்று காலை ஜூ டவுன் அலுவலகம் இழவு வீடு மாதிரி இருந்தது. எங்கள் ஏலக்காய் விலைப்பட்டியல் போட்டிக் கம்பெனிக்குப் போய்விட்டது. அனுப்பிய கம்ப்யூட்டரின் ஐபி முகவரி லாக் பதிவில் இருந்தது: 10.8.40.17. மேனேஜர் அதை லாக் தேடும் திரையில் போட்டார். ‘இடக்கொச்சி’ என்று வந்தது. அங்கே பேக்கிங் ஷெட்டில் இருப்பது ஒரே கம்ப்யூட்டர். அதைத் தொடுவது கம்பம் ஊரிலிருந்து வந்த அக்கா மட்டும்.

“சாரே, மெயில்ல ஃபைல் சேர்க்கவே அக்கா என்னைத்தான் கூப்பிடும். அதுவா உளவாளி?”

“தமாஷ் மதி, போதும். மெஷின் பொய் பறையுமோடா?” என்றவர், அக்காவை உடனே வெளியேற்றச் சொல்லி இடக்கொச்சிக்கு போன் போட்டார்.

பொய் சொல்லாதுதான். ஆனால் என்னைப் போல அரைகுறையாகப் படிக்கும். எந்த முகவரி எந்த இடம் என்று திரைக்குப் பின்னால் ஓர் அட்டவணை உண்டு. திறந்து பார்த்தேன். 10.8 என்று தொடங்குவதெல்லாம் இடக்கொச்சி என்றது மேல் வரி. அதிலிருந்து 10.8.40-ஐ மட்டும் பிரித்து, பிற்பாடு எங்கள் ஜூ டவுன் அலுவலக வைஃபைக்குக் கொடுத்திருந்தார்கள். அது கடைசி வரியில் கிடந்தது. தெருவுக்குள் வீடு மாதிரி. வீட்டைத் தேடாமல், மேல் வரியில் தெரு பொருந்தியதுமே நின்றுவிட்டது மெஷின். பட்டியல் போனது எங்கள் அறையிலிருந்து.

மேனேஜரிடம் காட்டினேன். அறையில் இருந்த நான்கு பேரையும் பார்த்தார், என்னையும் சேர்த்து. வந்த சாயாவை யாரும் தொடவில்லை. அக்காவை வெளியேற்ற வேண்டாம் என்று சொல்லக் கூப்பிட்டால், இடக்கொச்சியில் யாரும் போன் எடுக்கவில்லை. ஸ்கூட்டரை எடுத்தேன். அக்காவைச் சிரிக்க வைக்க வழியெல்லாம் ஒத்திகை வேறு.

கேட்டுக்கு வெளியே நின்று, சோற்று டப்பாவைப் பைக்குள் திணித்துக்கொண்டிருந்தார் அக்கா. இடைஞ்சலாக இருந்த குடையைக் கையில் வாங்கிக்கொண்டேன்.

“நீங்க இல்லைன்னு தெரிஞ்சுபோச்சுக்கா. வரி மாறிக் கிடந்துச்சு, மேலே ஏத்திட்டேன். உள்ள வாங்க.”

“அத்தனை பேர் முன்னால பையைக் கொட்டிக் காட்டச் சொன்னாங்க தம்பி. அதை எந்த வரியில ஏத்துவ?”

பஸ் வந்தது, ஏறிக்கொண்டார். அது திரும்பி மறைந்த பிறகுதான் பார்த்தேன், குடை என் கையிலேயே இருந்தது.