அண்ணனும் பங்காளிப் பரிசல் சங்கமும்

எங்கள் அண்ணன் மறைந்து ஓராண்டு நிறைகிறது. அவரோடு கூடப் பிறந்தவள் நான் ஒருத்திதான் என்பதால் இந்த நினைவு மலரில் எழுதும் கடமை எனக்கு வந்தது.

மோகனூருக்கு மேற்கே காவிரிக் கரையில் பிறந்தவர் அண்ணன். அப்பா சீக்கிரமே போய்விட, இளம் வயதிலேயே குடும்பத்தைத் தாங்கினார். பெரியப்பா, சித்தப்பா வீட்டுப் பிள்ளைகளைக் கூட்டிப் பங்காளிப் பரிசல் சங்கம் தொடங்கினார். ஆடிப் பதினெட்டில் பந்தயம் நடக்கும். வென்றவருக்குத் தலையில் கட்ட ஓர் உருமால். ஒரு பந்தயத்தில் பெரியப்பா மகன்கள் இருவர் ஒரே பரிசலில் போய், இருவருமே திரும்பவில்லை. அன்றிலிருந்து, கூடப் பிறந்தவர்கள் ஒரே பரிசலில் ஏறக்கூடாது என்று அண்ணன் சட்டம் போட்டார்.

மேட்டூர் அணை வருவதற்கு முந்தைய வெள்ளம் ஒன்றில் எனக்குத் தலைப்பிரசவம். பிள்ளை குறுக்கே கிடந்தது. மருத்துவச்சி கைவிரித்துவிட்டாள். ஆஸ்பத்திரியோ அக்கரையில். பங்காளிகள் எல்லோரும் வெள்ளத்தில் சிக்கியவர்களை மீட்கப் போயிருந்தார்கள். மிச்சமிருந்தது ஒரு பரிசல்.

அம்மா அண்ணனின் கையைப் பிடித்துக்கொண்டார். “ரெண்டு பேத்தையும் ஒண்ணா உட்டுப்போட்டு நான் ஆரைப் பாத்துட்டு இருக்கறது சாமி?”

“நான் ஏறுலீங்கம்மா. பரிசலைப் புடிச்சுட்டு நீந்தியே வாரேன்” என்றார் அண்ணன்.

துடுப்பு என் வீட்டுக்காரர் கையில். அவர் சேந்தமங்கலத்துக்காரர், ஆற்றில் குளிக்கவே யோசிப்பவர். நடு ஆற்றில் பரிசல் சுற்றத் தொடங்கியது. விளிம்பைப் பிடித்திருந்த அண்ணனின் ஒரு கை நழுவியது. எனக்கு வலியைவிடக் கோபம்தான் வந்தது.

“ஏறுங்கண்ணா. நீங்க போயிட்டா நாங்க மட்டும் பொழைச்சுக்குவமா?”

வீட்டுக்காரரை எதிர்ப்பக்கம் சாயச் சொல்லிவிட்டு ஏறினார். துடுப்பை வாங்கிப் பரிசலைக் கரை சேர்த்தார். அன்று ஆஸ்பத்திரியில் என் மகன் பிறந்தான்.

அடுத்த ஆடியில் பங்காளிகள் முன் அண்ணன் நின்றார். “சட்டத்தை நானே மீறிட்டேனுங்க. என்னைய நீக்கிருங்க.” யார் கெஞ்சியும் கேட்கவில்லை. பிறகு எந்தப் பந்தயத்திலும் அவர் துடுப்புப் பிடிக்கவில்லை. அந்தப் பிடிவாதத்துக்காக அவரோடு எத்தனையோ முறை சண்டை போட்டிருக்கிறேன்.

விஷக்காய்ச்சலில் அண்ணன் படுத்தபோது பங்காளிகள் முறைவைத்துப் பார்த்துக்கொண்டார்கள். அண்ணிக்கும் அவருக்கும் பிள்ளை இல்லை. என் மகன்தான் கொள்ளி வைத்தான். அப்போது அவன் கையைச் சேர்த்துப் பிடித்துக்கொண்ட உறவினர் அனைவருக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி.