சுகந்தியின் முழங்காலும் என் மொழிபெயர்ப்பும்

மார்ச் மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை காலை பத்து மணியளவில் சுகந்தியின் மகள் ஆரணி தொலைபேசியில் அழைத்தாள். அந்தப் பிள்ளை என்னோடு எப்போதும் பிரெஞ்சில்தான் பேசுவாள். அன்று தமிழில் பேசினாள். "தாத்தா, அம்மா செத்திட்டா." இதைவிட மென்மையான சொல்லை அவளுக்கு யாரும் கற்றுக்கொடுத்திருக்கவில்லை. நான் "சரிம்மா" என்றேன். அந்த நேரத்தில் என் வாயில் வந்த சொல் அதுதான். இன்றுவரை அதற்காக வெட்கப்படுகிறேன்.

அதற்கு முந்தைய நாள் பிற்பகல், தான் வேலை செய்யும் ஹோட்டலில் கட்டிலுக்கு விரிப்பு விரித்துக்கொண்டிருந்தபோது சுகந்தி விழுந்துவிட்டார். மூளையில் இரத்தக் கசிவு. வயது நாற்பத்து மூன்று.

செத்தவீட்டில் பலர் என் கையைப் பிடித்து, "அவவைத் திரும்ப விளையாட வைச்சது நீங்கள்தானே ஐயா" என்றார்கள். நான் தலையைக் குனிந்துகொண்டு நின்றேன். மறுத்திருக்க வேண்டும். முப்பத்தோராம் நாள் நினைவு மலருக்கு ஏதாவது எழுதித் தரும்படி அவருடைய கணவர் ரவீந்திரன் கேட்டபோது, அன்று பேசாததை எழுத்திலாவது சொல்லிவிட வேண்டும் என்று ஒப்புக்கொண்டேன். இந்த மலரைக் கையில் வைத்திருக்கும் உங்களில் பெரும்பாலானோர் அவரை அறிந்தவர்கள். நடந்ததையும் அறிந்துகொள்ளுங்கள்.

என்னைத் தெரியாதவர்களுக்காக இரண்டு வரி. நான் பாண்டிச்சேரிக்காரன், தபால் இலாகாவில் ஓய்வு பெற்றவன். செவ்வாயும் வெள்ளியும் பிரெஞ்சுத் தலைநகரில் தமிழர் கடைத்தெருவான லாச்சப்பலில் ஒரு சிறிய அறையில் உட்கார்ந்து, வருகிறவர்களின் பிரெஞ்சுக் கடிதங்களை வாசித்துச் சொல்கிறேன். கேட்டால் மருத்துவரிடம் கூடவே போய் மொழிபெயர்ப்பேன். புறநகரான லா கூர்னெவில் சுகந்தியின் வீடு இருக்கும் அதே கட்டடத்தில்தான் நானும் குடியிருக்கிறேன்.

எங்கள் கட்டடத்திலிருந்து பத்து நிமிட நடையில் ஒரு பேஸ்பால் மைதானம் இருக்கிறது. ஆரணியை அங்கே பயிற்சிக்குச் சேர்த்திருந்தார்கள். மகளுக்காக வேலியோரம் காத்து நின்ற சுகந்தியின் காலடியில் ஒரு நாள் ஒரு பந்து வந்து விழுந்தது. அவர் கைப்பையைத் தோளிலிருந்து இறக்காமலே அதை எடுத்து எறிந்தார். மைதானத்தின் மறுகோடியில் நின்ற பயிற்சியாளரின் கையுறைக்குள் அது நேராகப் போய் விழுந்தது. அந்தப் பருமனான பிரெஞ்சுக்காரர் பந்தைப் பார்த்தார், சுகந்தியைப் பார்த்தார், பிறகு தொப்பியைக் கழற்றினார். தினமும் அந்த வழியாக நடக்கப் போகிற நான் இதை நேரில் பார்த்தேன். "பள்ளிக்கூடத்தில எல்லே விளையாடினனான் ஐயா, அந்தக் கைதான்" என்றார் சுகந்தி. எல்லே என்பது இலங்கையில் மட்டையும் பந்தும் கொண்டு ஆடும் ஆட்டம். அடுத்த ஞாயிறே ஆண்களும் பெண்களும் சேர்ந்து ஆடும் பெரியவர்களின் அணியில் அவரைச் சேர்த்துக்கொண்டார்கள். நடுவில் இருக்கும் மண்மேட்டில் நின்று, மட்டையோடு நிற்பவரை நோக்கிப் பந்து எறிவது அவருடைய வேலை. கட்டடத்துப் பெண்கள், "என்ன, சுகந்தி அக்கா வெள்ளைக்காரனுக்குக் கல்லெறியிறாவாம்" என்று கேலி செய்தார்கள். "உங்கட மனுசன்மாருக்கு எறிஞ்சா நீங்கள் கோவிப்பியளே" என்று சுகந்தி திருப்பிக் கொடுத்தார்.

இரண்டாவது கோடையில், மழை பெய்து ஊறிய மண்ணில், எறிந்துவிட்டு முன்னால் ஊன்றிய இடது கால் புதைந்து நின்றது. உடல் திரும்பியது, முழங்கால் திரும்பவில்லை. உள்ளே இருக்கும் இணைப்பு நார் அறுந்துவிட்டது. நான்கு பேர் தூக்கிக்கொண்டு போனார்கள்.

அறுவை மருத்துவரைப் பார்க்கப் போன அன்று ரவீந்திரன் என்னை நடைபாதையில் தனியே அழைத்தார். "ஐயா, டொக்டர் என்ன சொன்னாலும், இனி விளையாடக் கூடாதாம் எண்டு சொல்லிவிடுங்கோ. நான் சொன்னாக் கேக்கமாட்டாள். டொக்டர் சொன்னாக் கேப்பாள்." அவர் கண்கள் கலங்கியிருந்தன. மனைவியைத் தூக்கிக்கொண்டு போனதைப் பார்த்தவர் அவர். மருத்துவமனை நடைபாதையில் இப்படி யாராவது என்னைத் தனியே அழைப்பது புதிதல்ல. நோயாளிக்கு எது தெரிய வேண்டும், எது தெரியக் கூடாது என்பதை நம்மில் வீட்டார்தான் முடிவு செய்கிறார்கள். நானும் எத்தனையோ முறை பெரிய நோய்களைச் சிறியதாக்கிச் சொல்லியிருக்கிறேன். அதைக் கருணை என்று நினைத்திருந்தேன். யாரையும் எதிர்த்துப் பேச எனக்கு வராது என்பதே உண்மையாக இருக்கலாம்.

மருத்துவர் சொன்னதை வழக்கம்போல என் குறிப்பேட்டில் எழுதினேன். அறுவைக்குப் பின் ஒன்பது மாதம் ஒழுங்காகப் பயிற்சி செய்தால் மறுபடி எறியலாம், தடை எதுவும் இல்லை. எழுதி முடித்துவிட்டுச் சுகந்தியிடம் வேறொன்றைச் சொன்னேன். நடக்கலாம், படியேறலாம், வேலைக்குப் போகலாம், விளையாட்டை மட்டும் விட்டுவிட வேண்டுமாம்.

"ஒருக்காலும் ஏலாதாமோ?"

"ஆமாம்மா."

அவர் மருத்துவரைப் பார்த்து "மெர்சி" என்று நன்றி சொன்னார்.

அறுவை முடிந்து நடை சரியானதும் பயிற்சியை நிறுத்திவிட்டார். அடுத்த ஆண்டுக் கோடை முழுவதும் மகளை அழைத்துக்கொண்டு போய் வேலியோரம் நின்றார். ஆகஸ்டில் ஒரு மாலை நான் அந்த வழியாகப் போனபோது ஒரு பந்து வேலியைத் தாண்டி அவர் பக்கம் வந்தது. அவர் குனிந்து எடுத்தார். எறியவில்லை. இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டு மைதானத்தைச் சுற்றி நடந்து போய்ப் பயிற்சியாளரின் கையில் கொடுத்துவிட்டு, அதே வழியாகத் திரும்பி வந்தார். அங்கிருந்த பெஞ்சில் உட்கார்ந்துவிட்டேன்.

உண்மையைச் சொல்ல எனக்கு மேலும் மூன்று வாரம் தேவைப்பட்டது. லாச்சப்பலில் ஒரு தேநீர்க்கடையில் வைத்துக் குறிப்பேட்டைத் திறந்து, மருத்துவர் சொன்னதை வாசித்தேன். பிறகு நான் சொன்னதையும் சொன்னேன். சுகந்தி தேநீரைத் தொடாமல் எழுந்து போய்விட்டார்.

பதினொரு நாள் கழித்து என் அறைக்கு வந்தார்.

"அதைத் திரும்ப வாசியுங்கோ. ஒரு சொல்லும் விடாம."

வாசித்தேன்.

"ஆர் சொல்லச் சொன்னது?"

"தப்பு என்னுடையதும்மா."

"உங்களுக்குச் சொந்தமாப் பொய் சொல்லுற துணிவு இல்லை ஐயா. எனக்குத் தெரியும் ஆரெண்டு. அந்தாளோட நான் சண்டை பிடிக்கேல்லை. பயந்த மனுசன். ஆனா நீங்கள் படிச்ச ஆள்."



மறுபடி அதே மருத்துவரிடம் போனோம். அவர் முழங்காலைப் பார்த்துவிட்டு, "பயிற்சியை ஏன் பாதியில் நிறுத்தினீர்கள்?" என்று கேட்டார். நான் மொழிபெயர்க்க வேண்டும். அந்தக் கேள்விக்கு விடையாக நானே அவர் அருகில் உட்கார்ந்திருந்தேன். சுகந்தி எனக்காகக் காத்திருக்காமல், தனக்குத் தெரிந்த பிரெஞ்சில், "பயந்துவிட்டேன், டாக்டர்" என்றார். மருத்துவர் அவரைத்தான் கடிந்துகொண்டார். சுகந்தி தலையாட்டிக்கொண்டே கேட்டார்.

வெளியே வந்ததும், "வாற கிழமையில இருந்து பந்து பொறுக்க ஆள் வேணும். நீங்கள் வாறியள்" என்றார். அது வேண்டுகோள் இல்லை.

அந்தக் குளிர்காலம் முழுவதும் போனேன். முழங்காலுக்குப் பயிற்சி தந்த பெண் ஒரு தாளில் எழுதிக் கொடுத்த எண்ணிக்கையை நான் கையில் வைத்திருப்பேன். இருபது எறி என்றால் இருபது. "இன்னும் ஒண்டு ஐயா" என்பார். "தாளில் இல்லையேம்மா" என்பேன். "ஏ ஃபோர் தாளுக்குப் பயப்பிடுற ஒரே மனுசன் நீங்கள்தான்" என்பார். எண்பது வயதை நெருங்கும் ஒருவன் சேற்றில் பந்து பொறுக்குவதைப் பார்த்தவர்கள்தான், நான் அவரைத் திரும்பக் கொண்டுவந்தவன் என்ற கதையைக் கட்டினார்கள். சுகந்தி அதை ஒருபோதும் திருத்தவில்லை.

மே மாதம் மறுபடி மண்மேட்டில் ஏறினார். முதல் பந்து மட்டைக்காரரின் தலைக்கு மேலே போனது. இரண்டாவது மண்ணில் குத்தியது. இடது காலை அவர் ஊன்றவே இல்லை. சுடுமணலில் வைப்பதுபோல் தொட்டுத் தொட்டு எடுத்தார். நான்கு எறி தவறினால் மட்டைக்காரர் அடிக்காமலே முதல் தளத்துக்குப் போகலாம்; இரண்டு பேரை அப்படி இலவசமாக அனுப்பினார். பயிற்சியாளர் அருகில் போய் ஏதோ கேட்டார். சுகந்தி தலையை ஆட்டி மறுத்தார். வேலிக்குப் பின்னால், அவர் கண்ணில் படாத இடத்தில், ரவீந்திரன் நிற்பதை அப்போதுதான் கண்டேன். "அலே மமோ!" என்று ஆரணி பிரெஞ்சில் அம்மாவை உற்சாகப்படுத்திக் கத்தினாள். உடனே அவள் தகப்பனிடமிருந்து ஒரு குரல் வந்தது. "காலை ஊண்டு, சுகந்தி! ஒண்டும் நடக்காது, ஊண்டு!"

ஊன்றினார். கால் நின்றது. மட்டை காற்றில் சுழன்றது. பந்து பின்னால் இருந்தவரின் கையுறையில் அடித்த சத்தம் வேலிவரை கேட்டது.

அன்று மாலை நான் வாழ்த்தியபோது, "பயம் கையில இருக்கேல்லை ஐயா, காலிலதான் இருந்தது. கால் கடைசியாத்தான் நம்பிச்சுது" என்றார்.

அந்தக் கோடையும் அடுத்த கோடையும் ஆடினார். மூன்றாவது தொடங்க இன்னும் ஏழு வாரம் இருந்தபோது போய்விட்டார்.

இதை அச்சுக்குக் கொடுக்கும் முன் ரவீந்திரனுக்கு வாசித்துக் காட்டினேன். நடைபாதையில் அவர் என்னிடம் பேசிய பகுதியை எடுத்துவிடவா என்று கேட்டேன். "அவள் ஒருநாளும் கேக்கேல்லை ஐயா. கேட்டிருந்தா நான் சொல்லியிருப்பன். கேக்காமலே போயிட்டாள்" என்றார். பிறகு, "இருக்கட்டும், போடுங்கோ" என்றார்.

சுகந்தியைப் பற்றிப் பலரும் பலவற்றை நினைவில் வைத்திருப்பீர்கள். அவருடைய சிரிப்பை, வாய்த்துடுக்கை, அந்தக் கையை. என்னிடம் இருப்பது வேறு. பேஸ்பால் கழகத்துக்குப் போய்ப் பழைய ஆட்ட அட்டவணையை வாங்கி எண்ணிப் பார்த்தேன். என் பேச்சை நம்பி அவர் ஆடாமல் விட்ட கோடையில் பதினான்கு ஆட்டங்கள் நடந்திருக்கின்றன, எல்லாம் ஞாயிற்றுக்கிழமைகளில். அந்த ஆண்டு மழை குறைவு, அநேகமாக எல்லா நாளும் நல்ல வெயில். இவ்வளவு சீக்கிரம் முடியப்போகிற ஒரு வாழ்க்கையிலிருந்து அவற்றை எடுக்கிறேன் என்று அன்று எனக்குத் தெரியாது. அந்தப் பதினான்கு ஞாயிறுகளும் என்னிடம் இருக்கின்றன.