கரையான் தின்னாத பதிவேடு

கல்கத்தாவில், கிடர்பூர் துறைமுகத்துக்குப் பின்னால் இருந்த மாதா கோயிலில் எனக்கு இரண்டு வேலை. கல்லறைத் தோட்டத்தைக் கூட்டுவது, அடக்கப் பதிவேடுகள் இருந்த அலமாரியின் சாவியை வைத்திருப்பது. எனக்கு முன்னால் இருந்தவர் காலத்தில், ஒரு வீட்டுக்கு உரிமை கொண்டாட யாரோ ஒரு பக்கத்தைக் கிழித்துக்கொண்டு போய்விட்டார்கள். அவருக்கு வேலையும் போனது, கோயில் கொடுத்த அறையும் போனது. அதே அறையில்தான் நாங்கள் குடியிருந்தோம்.

தொண்ணூறுகளின் கடைசியில் ஒரு குளிர்காலம், கனடாவிலிருந்து வயதான அம்மாள் ஒருவர் வந்தார். பவானிபூரில் அவர் தங்கியிருந்த விடுதியின் சொந்தக்காரி கூட வந்து, அவர் பேசியதை எனக்கு வங்காளியில் சொன்னாள். கொள்ளுத்தாத்தாவின் தம்பி கப்பல் தச்சராக இங்கே வந்து இறந்துபோனாராம். ஒரு பெயரைச் சொன்னார். மறுநாள் வந்து, அதே ஆளுக்கு வேறொரு குடும்பப்பெயரைச் சொன்னார். கிழிந்துபோன அந்தப் பக்கம்தான் எனக்கு நினைவுக்கு வந்தது.

அவர் வைத்திருந்த காகிதத்தை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். ஐந்தாவதோடு நின்ற படிப்பு. ஆங்கிலத்தை எழுத்துக் கூட்டித்தான் படிப்பேன். அதில், தச்சரோடு சேர்த்து அண்ணன் தம்பி நால்வரில் இருவருக்கு ஒரு குடும்பப்பெயர், இருவருக்கு இன்னொன்று. முதல் பெயரோ நால்வருக்கும் ஒன்றே, சூசையப்பர் பெயர்.

“அவங்க வழக்கம் அது தாதா,” என்றாள் விடுதிக்காரி. வங்காளியில் தாதா என்றால் அண்ணன். “பிரான்ஸிலேருந்து கனடா போன முதல் ஆள் சிப்பாய். பட்டாளத்துல ஒரு பட்டப்பெயர் வச்சாங்க. பிள்ளைங்கள்ல சிலர் பழைய பெயரை வச்சுக்கிட்டாங்க, சிலர் பட்டப்பெயரை. சிலர் ரெண்டையும் சேர்த்து, நடுவுல ‘எனப்படுகிற’னு ஒரு குட்டிச் சொல் போட்டு எழுதுவாங்க, இதோ இந்தக் காகிதத்துலயே இருக்கு பாருங்க. ஞானஸ்நானத்துல எல்லாப் பையனுக்கும் அந்தப் புனிதர் பெயர்தான். கூப்பிடுறது அடுத்த பெயரை.”

நன்றாக ஜோடித்த கதை என்று எனக்குப் பட்டது. முகத்துக்கு நேரே சொல்ல வாய் வரவில்லை. தரையைப் பார்த்துக்கொண்டு, “அந்தப் பதிவேட்டைக் கரையான் தின்னுடுச்சு,” என்றேன்.

அந்த அம்மாள் அலமாரியையே பார்த்துக்கொண்டு நின்றார். “நாளைக்கு ஊருக்குத் திரும்புறாங்க. இனி இவ்வளவு தூரம் வர உடம்பு இடம் கொடுக்காது,” என்று சொல்லி விடுதிக்காரி அவரைக் கூட்டிப்போனாள்.

சாயங்காலம் மனைவியிடம் சொன்னேன், ஒரு மோசடிக்காரியை விரட்டிவிட்டேன் என்று. அவள் அரிசி களைந்துகொண்டிருந்தாள்.

“உங்க அப்பா பேரு உங்களுக்குக் குடும்பப்பேரு. உங்க பேரு நம்ம பையனுக்குக் குடும்பப்பேரு. ரேஷன் கார்டுல இருக்கிற பேரைச் சொல்லிக் கூப்பிட்டா நீங்க திரும்பிக்கூடப் பார்க்க மாட்டீங்க. உங்களை யாரு விரட்டுறது?”

“அது நம்ம வழக்கம்டி.”

“ம்,” என்றாள். களைந்த தண்ணீரை வடித்தாள்.

காலையில் முதல் வேலையாக அலமாரியைத் திறந்தேன். விரல் வைத்து வரிவரியாகத் தேடினேன். மூன்றாவது பதிவேட்டில் இருந்தார், கப்பல் தச்சர். இரண்டு குடும்பப்பெயரும் இருந்தன. நடுவில், காகிதத்தில் பார்த்த அதே குட்டிச் சொல்.

பஸ் பிடித்து பவானிபூர் போனேன். விடுதிக்காரி கதவைப் பாதி திறந்தாள். பதிவேடு இருக்கிறது, அதில் அவர் பெயரும் இருக்கிறது என்றேன்.

“நேத்து தின்னதை இன்னைக்குத் துப்பிடுச்சா தாதா, உங்க கரையான்?”

உள்ளே அந்த அம்மாள் பெட்டியோடு தயாராக நின்றார். நான் சொன்னதைக் கேட்டதும் கைப்பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு ஏதோ சொன்னார்.

“‘ரெண்டு பெயரையும் நான்தானே இவர்கிட்ட சொன்னேன், ராத்திரி இவரே அதை எழுதி வச்சிருந்தா?’னு கேக்கிறாங்க,” என்றாள் விடுதிக்காரி.

எனக்குக் காது சுட்டது. ஆனாலும் வந்தார்கள். டாக்ஸியை வாசலில் நிறுத்திவிட்டு, பெட்டியை அதிலேயே வைத்துவிட்டு வந்தார்கள்.

பக்கத்தைக் காட்டினேன். அம்மாள் படிக்கவில்லை. பக்கத்தின் தையலைத் தடவிப் பார்த்தார். ஆள்காட்டி விரலை நாக்கில் தொட்டு, ஓர் எழுத்தின் ஓரத்தில் தேய்த்தார். பதிவேட்டை ஈர விரலால் யாரும் தொடக் கூடாது, அதைப் பார்த்துக்கொள்வதற்குத்தான் எனக்குச் சம்பளம். நான் தடுக்கவில்லை. விரலை ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். மை ஒட்டவில்லை.

அதற்குப் பிறகுதான் கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டார்.