வெள்ளை மண் போன இடம்

திண்டிவனம் பக்கம் மூடிக் கிடந்த வெல்டிங் கேஸ் கம்பெனியில் கழிவு மண் அள்ளும் வேலைக்குப் போனேன். சுண்ணாம்பாய் வெளுத்திருந்த அந்த மண் பட்ட இடமெல்லாம் எரிந்தது.

“இத எங்கண்ணா கொட்றீங்க?” என்று லாரி டிரைவரைக் கேட்டேன்.

“மெட்ராஸ் தாண்டி, அதுக்குன்னு எடம் இருக்குதும்மா” என்றார்.

மெட்ராஸ் போன லாரி ஒரு மணி நேரத்தில் திரும்புமா?

மறுநாள் நானும் வீட்டுக்காரரும் வண்டியில் பின்னாலேயே போனோம். லாரி கூட்டேரிப்பட்டு வழியாக வந்து எங்கள் ஊர் ஏரியில் கொட்டியது. ஊரைக் கூட்டி மறித்தோம்.

“நல்ல மண்ணும்மா, வயலுக்கு ஒரமாவும்” என்றார் அங்கே வந்த கம்பெனி சூப்பர்வைசர்.

“அப்ப வெறுங்கையால ஒரு புடி அள்ளுங்க சார்” என்றேன். அவர் அள்ளவில்லை.

கொட்டியதைத் திரும்ப ஏற்றிப் போனார்கள். என்னை வேலையிலிருந்து நிறுத்தினார்கள். அந்த லாரி அடுத்து எந்த ஏரிக்குப் போனதோ, தெரியாது.