ஏழாவது பாட்டில் இறந்தவன்

தான் செத்துப்போன செய்தியைக் கூலிங் ஒரு டீச்சர் வீட்டுச் சமையலறையில், ஃப்ரிட்ஜுக்குப் பின்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தபோதுதான் கேட்டான். நாற்பத்திரண்டு வயதில் அப்படியொரு செய்தி காதில் விழுந்தால் யாராக இருந்தாலும் கையில் இருப்பதைக் கீழே போட்டிருப்பார்கள். அவன் போடவில்லை. கையில் இருந்தது ஃப்ரிட்ஜுக்குள் மாட்ட வேண்டிய புது ரிலே.

ஃப்ரிட்ஜ் மெக்கானிக்கான அவனை எல்லோரும் கூலிங் என்றுதான் கூப்பிடுவார்கள். பெற்றவர்கள் வைத்த பெயர் வாக்காளர் பட்டியலில் பத்திரமாக இருக்கிறது. "கூலிங் நிக்கல" என்று யார் போன் செய்தாலும் அரை மணியில் பழைய வேனில் வந்து இறங்குவான். அடுத்தவர் வீட்டு ஐஸ் உருகுவதைத் தாங்கிக்கொள்ளாத மனசு.

அன்று டீச்சர் வெங்காயம் நறுக்கிக்கொண்டே போனில் பாட்டு கேட்டுக்கொண்டிருந்தார். கிதார் ஒன்று தயங்கித் தயங்கி அழுதது. அடுத்து வந்த குரல் பாடகனான அவன் அண்ணனுடையது. கூலிங்குக்கு வாயெல்லாம் பல். எங்கண்ணன்தான் என்று சொல்ல வாயெடுத்தான். அதற்குள் பாட்டில் எட்டு வயதுத் தம்பிக்குக் காய்ச்சல் வந்துவிட்டது. அவனுக்கு எட்டு வயதில் காய்ச்சல் வந்தது உண்மை. மூன்று வாரம் படுத்த படுக்கையாகக் கிடந்ததும் உண்மை. பாட்டில் மட்டும் நான்காவது வாரம் வரவில்லை.

சின்னக் கட்டில் காலியாச்சு,
சீப்பு மட்டும் மிச்சமாச்சு.

டீச்சர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். வெங்காயமாக இருக்கும் என்று கூலிங் தன்னையே சமாதானப்படுத்திக்கொண்டான். "இவருக்கு ஒரு தம்பி இருந்து, சின்ன வயசுலயே போயிட்டானாம். கேட்டா மனசு தாங்கலைங்க" என்றார் டீச்சர். அவன் ரிலேயை மாட்டினான். கம்ப்ரெஸர் ஓடுகிறதா என்று காதை வைத்துப் பார்த்தான். இரண்டு மணி நேரம் கதவைத் திறக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டுக் கிளம்பினான். செத்தவன் அதற்கு மேல் என்ன செய்ய முடியும்?

ஆல்பத்தின் பெயர் 'ஒரே கூரை'. ஒன்பது பாட்டும் குடும்பத்தைப் பற்றியவை. டீச்சர் கேட்டது ஏழாவது. அண்ணன் அந்தக் கூரையை விட்டுக் கிளம்பிப் பதினேழு வருடமாகிறது. வருடத்துக்கு இரண்டு முறை வருவான், வந்தால் பையைக்கூடப் பிரிக்க மாட்டான். முதல் பாட்டின் தொடக்கத்தில் ஒரு கதவு கிறீச்சென்று திறக்கும். எங்கள் வீட்டுக் கதவு என்று அண்ணன் பேட்டிகளில் உருகியிருக்கிறான். அவர்கள் வீட்டுக் கதவு எதுவும் கிறீச்சிடாது. மாதம் ஒரு முறை கூலிங் எண்ணெய் விடுகிறான். அதனால் அண்ணன் வேறு யார் வீட்டுக்கோ போய், எண்ணெய் பார்க்காத கதவாகத் தேடிப் பதிவு செய்துகொண்டு வந்தான்.

கூலிங் அன்றே அண்ணனுக்குப் போன் செய்தான். சண்டை போடத்தான் கூப்பிட்டான். ஆனால் அண்ணன் குரலைக் கேட்டதும் வழக்கம்போலச் சாப்பிட்டாயா என்று விசாரித்துவிட்டு, அதற்குப் பிறகுதான் ஏன் என்னைச் சாகடித்தாய் என்று கேட்டான்.

அண்ணன் நிதானமாக விளக்கினான். முதலில் எழுதியபோது தம்பி பிழைத்துக்கொண்டானாம். நண்பர்களிடம் பாடிக் காட்டினால், சரி, பிழைத்தான், அப்புறம் என்று கேட்டார்களாம். அப்புறம் என்ன, ஃப்ரிட்ஜ் மெக்கானிக் ஆனான். அதை எந்த மெட்டில் பாடுவது?

"நீ பொழச்சா மூணாவது சரணம் நிக்கலடா. அதுக்காகத்தான். அதுவும் அது நீ இல்ல, பாட்டுல வர்ற தம்பி."

பாட்டில் வரும் அண்ணனும் வேறு ஆள்தான். அவன் இரவெல்லாம் தம்பியின் கையைப் பிடித்தபடி கட்டிலோரம் உட்கார்ந்திருக்கிறான். நிஜ அண்ணனைக் காய்ச்சல் ஒட்டிக்கொள்ளும் என்று மறுநாளே மாமா வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். மூன்று வாரம் கழித்து, மாமா வாங்கித் தந்த புதுச் சட்டையில், கன்னம் உப்பி வந்து சேர்ந்தான். மிச்சமான சீப்பும் அவனுடையதே. தம்பியைத் தொட விடமாட்டான்.

கூலிங்கின் மனைவி ஜெராக்ஸ் கடை வைத்திருப்பவள். வாய் கொஞ்சம் நீளம். மறுநாள் காலையில், செத்தவருக்கும் சேர்த்து டீ போடவா என்று கேட்டாள். பாட்டு வேறு தெருத்தெருவாகப் பரவிக்கொண்டிருந்தது. ஒருநாள் பூட்டுக் கடைக்காரர் அவனைப் பிடித்துக்கொண்டு, உங்கண்ணன் பாடுகிறாரே, அந்தத் தம்பி யாரப்பா என்று கேட்டார். நான்தான் என்று சொன்னால் அண்ணன் பொய்யனாகிவிடுவான். கூலிங் தலையைச் சொறிந்தான், கடைவீதியைப் பார்த்தான், கடைசியில் நடுவில் ஒருத்தன் இருந்தான் என்று சொல்லிவைத்தான். யாரையும் சங்கடப்படுத்தக் கூடாது என்று நினைப்பவன் இப்படித்தான் தன் தலையில் தானே மண்ணை வாரிப் போட்டுக்கொள்வான். ஒரு வாரத்தில் ஊருக்கே நடுவிலவனைத் தெரிந்துபோயிற்று. அம்மாவிடமும் இரண்டு பேர் துக்கம் விசாரித்தார்கள். அவள் மறுக்கவில்லை.

அம்மா அவனோடுதான் இருந்தாள். கீழே கூலிங்கின் பட்டறை, மேலே வீடு. மதியம் சாப்பிட்டு முடித்ததும் கூலிங் வாங்கிக் கொடுத்த போனில் ஏழாவது பாட்டைப் போட்டுக்கொண்டு, கூலிங் வாங்கிக் கொடுத்த நாற்காலியில் சாய்ந்து அழுவாள். அவனுக்கு உள்ளுக்குள் சுருக்கென்றது. தனக்காக அம்மா கண் கலங்கி அவன் பார்த்ததே இல்லை. அப்பா படுக்கையில் கிடந்த எட்டு மாதமும் தூக்கி உட்கார வைத்தது அவன்தான். அப்போதும் மூத்தவன் போன் செய்தானா என்றுதான் அம்மா கேட்பாள். எவனோ ஒரு செத்த பையன் வந்து ஒரே பாட்டில் அவளைக் கவிழ்த்துப்போட்டான்.

ஞாயிற்றுக்கிழமை நூலக அரங்கில் அண்ணனின் கச்சேரி. அம்மாவை மேடைக்கு அழைக்கப் போகிறார்கள் என்று தெரிந்ததும் கூலிங் அவள் எதிரில் போய் உட்கார்ந்தான். அவன் வாழ்க்கையில் அம்மாவிடம் எதையும் கேட்டுப் பழக்கமில்லை.

"அங்க யாராச்சும் கேட்டாங்கன்னா, எனக்கு ரெண்டு பசங்க, ரெண்டு பேரும் நல்லா இருக்காங்கன்னு சொல்லிடும்மா. அது போதும்."

"சொல்றேன்டா. இதுக்குப் போயி இவ்ளோ பீடிகையா?"

அவனுக்குச் சந்தோஷம் பிடிபடவில்லை. சனிக்கிழமை வேனைக் கழுவினான். சட்டையைத் தானே இஸ்திரி போட்டான். அதைப் பார்த்துவிட்டு, உயிர்த்தெழுந்து வரப்போகிற களை முகத்தில் தெரிகிறது என்றாள் மனைவி.

நான்கு மணிக்கு அரங்கம் நிறைந்துவிட்டது. அண்ணன் வாசலிலேயே அவனைத் தோளோடு அணைத்து ஓரமாகக் கூட்டிப்போனான். அம்மா பக்கத்தில் உட்கார்ந்தால் பத்திரிகைக்காரர்கள் யார் என்று விசாரிப்பார்கள், தப்பாக எடுத்துக்கொள்ளாதே என்றான். கூலிங் தப்பாக எடுத்துக்கொள்ளாமல் ஐந்தாவது வரிசையின் ஓரத்து நாற்காலிக்குப் போனான். பக்கத்தில் அதே டீச்சர். கூலிங் இப்போது நன்றாக நிற்கிறது என்று நன்றி சொன்னார்.

ஏழாவது பாட்டு முடிந்தபோது அரங்கில் மூக்குறிஞ்சும் சத்தம்தான் கேட்டது. தொகுத்து வழங்கிய பெண் அம்மாவைக் கைத்தாங்கலாக மேடையேற்றி, அந்தத் தம்பியைப் பற்றிச் சொல்லுங்கள் அம்மா என்று மைக்கை நீட்டினாள். அம்மா கூட்டத்தைப் பார்த்தாள். கிதாரை அணைத்துத் தலைகுனிந்து நின்ற மூத்தவனைப் பார்த்தாள். பிறகு கண்ணைச் சுருக்கி ஐந்தாவது வரிசையில் கூலிங்கைத் தேடிப் பிடித்தாள். அவன் தலையசைத்தான்.

"எனக்கு மூணு பசங்க" என்றாள் அம்மா. "மூத்தவன் இதோ நிக்கறான். கடைசி ஃப்ரிட்ஜ் வேலை பாக்கறான், அங்க உக்காந்திருக்கான். நடுவுல ஒருத்தன். அவன் தங்கம்."

அதற்குப் பிறகு அவளை நிறுத்த முடியவில்லை. நடுவிலவன் எதிர்த்து ஒரு வார்த்தை பேச மாட்டானாம். காய்ச்சலிலும் நீ தூங்கும்மா என்பானாம். அம்மாவை உட்கார வைத்துச் சோறு போடுவேன் என்று அந்த வயதிலேயே சொன்னானாம். கூட்டம் எழுந்து நின்று கை தட்டியது. ஒரு பாட்டில் நாலு வரிக்குள் வந்துபோனவனுக்கு அம்மா முழு வாழ்க்கையே கொடுத்துவிட்டாள். அண்ணன்கூடத் தலை நிமிர்ந்து பார்த்தான். இதையெல்லாம் முன்பே சொல்லியிருந்தால் இன்னொரு பாட்டு தேறியிருக்கும்.

டீச்சர் ஈரக் கண்ணோடு கூலிங் பக்கம் திரும்பினார். "அப்ப அந்தப் பையன் உங்களுக்கு அண்ணனா?"

"ஆமாங்க" என்றான் கூலிங்.

திரும்பி வரும்போது வேனின் பின்பக்கம் காலி கேஸ் சிலிண்டர் உருண்டுகொண்டே வந்தது. அம்மா இன்னும் விசும்பிக்கொண்டிருந்தாள். அவனுக்குக் கோபம் வந்தது. இத்தனை வருடத்தில் வராத கோபம். வேனை ஓரங்கட்டினான்.

"நடுவுல யாரும்மா? அப்படி ஒருத்தன் இல்லவே இல்லையே. காய்ச்சல்ல கெடந்தது நான்தானே."

அம்மா முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "எனக்குத் தெரியாதா? பெத்தவ நான்" என்றாள். பிறகு, "நீதான் இருக்கியே. உன்னைப் பத்தி அங்க என்னத்தடா சொல்றது?" என்றாள்.

அவன் வண்டியை எடுத்தான். கோபம் வந்த வழியே போய்விட்டது. அதன் இடத்தில் வந்ததற்கு அவனுக்குப் பெயர் தெரியவில்லை.

பட்டறை வாசலில் நிறுத்தி, சுற்றி வந்து கதவைத் திறந்து அவளை இறக்கினான். மேடையில் போட்ட சால்வையும் அவள் பையும் அவன் தோளில் தொங்கின. மாடிப்படி பதினெட்டு. ஆறாவது படியில் அம்மாவுக்கு மூச்சு வாங்கியது. நின்றாள். மேலே மிச்சமிருந்த படிகளைப் பார்த்ததும் மறுபடி கண் நிறைந்துவிட்டது.

"அவன் மட்டும் இருந்திருந்தா, இந்த வயசுல என்னைத் தனியா படியேற விட்டிருப்பானா?"

கூலிங் அவள் முழங்கையை இன்னும் கொஞ்சம் இறுக்கிப் பிடித்து, ஏழாவது படியில் அவள் காலை எடுத்து வைக்கும்வரை காத்திருந்தான்.